புதன்கிழமை ஆமென்

அவருடைய ஆமென் எப்போதும் தாமதமாகத்தான் வரும். சில வாரம் வரவே வராது. பதினான்கு வருடம் ஒரே சபையில் பாஸ்டரம்மாவாக இருப்பவளுக்கு, ஒருவரைப் பற்றி நினைத்தால் முதலில் ஞாபகம் வருவது இதுதானா என்று நீங்கள் கேட்கலாம். என்ன செய்வது, அந்த ஆமென் என்னை அவ்வளவு படுத்தியிருக்கிறது.

பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் போகும் சாலையில், ஒரு டயர் கடைக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட சின்ன சபை எங்களுடையது. என் கணவர்தான் போதகர். ஐம்பது பேர் வந்துவிட்டால் அன்றைக்குத் திருவிழா. அவர் ஜெபத்தை முடித்ததும் தகரம் அதிர எல்லோரும் ஆமென் போடுவார்கள். அந்தச் சத்தம் அடங்கி, பெண்கள் பாயைச் சுருட்ட எழுந்திருக்கும் நேரத்தில், மூன்றாவது வரிசையில் உட்காரும் ஓர் அக்காவிடமிருந்து ஒற்றை ஆமென் ஒன்று வரும், பஸ்ஸைத் தவறவிட்டு அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கிய ஆளைப் போல.

முதலில் காது மந்தமோ என்று நினைத்தேன். அடுத்த வாரம் ஸ்பீக்கர் பெட்டியை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தேன். அவர் மெல்ல எழுந்து பின்னால் சுவரோரமாகப் போய் உட்கார்ந்துகொண்டார். ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, தனக்குக் காது நன்றாகவே கேட்கும் என்றும், பெட்டியைப் பழையபடி வைத்துவிடலாம் என்றும் ரொம்ப மரியாதையாகச் சொன்னார். அப்படியானால் ஆமென் மட்டும் ஏன் லேட்டாகிறது என்று கேட்டேன்.

"அதுக்குள்ள முடிச்சுர்றாருங்க. அவரு என்ன கேட்டாருன்னு நான் ஒருக்கா யோசிச்சுப் பாக்கணுமில்லீங்களா."

இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. நான் தெற்கத்திப் பக்கம், நாலு தலைமுறையாகக் கிறிஸ்தவக் குடும்பம். பல் முளைக்கும் முன்பே ஆமென் சொல்லப் பழகியவள். சாப்பாட்டுக்கு முன் ஆமென், பஸ் கிளம்பினால் ஆமென், தும்மலுக்குப் பின்னால்கூட ஓர் ஆமென். அப்படியே ஆகட்டும் என்று அர்த்தம் தெரியும், ஆனால் யோசித்துச் சொல்ல வேண்டிய வார்த்தை அது என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்லித் தந்ததில்லை.

அவருக்கு என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். நான் அக்கா என்பேன், அவர் என்னைப் பாஸ்டரம்மா என்பார். பக்கத்துக் கிராமத்தில் மழையை நம்பின கொஞ்சம் நிலம். புளி சீசன் வந்தால் அவர் கணவர் மரமேறி உலுக்குவார். இவர் பென்னாகரத்துப் புளி மண்டியில் ஓடு தட்டி, நார் உரித்து, கொட்டை எடுப்பார். மண்டி ஒரு பாய் நடத்துவது. வருடத்துக்கான புளி வாங்க நான் அங்கே போனபோது, பாய் என்னிடம் அந்த அக்காவைக் காட்டிச் சொன்னார்.

"அந்தம்மா ஒரு மூட்டய சுத்தம்னு சொல்லிட்டா, நான் பிரிச்சே பாக்க மாட்டேங்க. ஆனா லேசுல சொல்லாதுங்க."

முழங்கை மறைய மூட்டைக்குள் கையை விட்டு, அடியில் கிடப்பதை அள்ளிப் பார்த்த பிறகுதான் தலையாட்டுவாராம். மேலாகப் பார்த்தால் போதாதா என்று மற்றப் பெண்கள் கேலி செய்வார்களாம். அவர் காதில் போட்டுக்கொள்வதில்லையாம். மண்டிக்கு அது சரி, சபையில் ஆளாளுக்கு இப்படி ஆரம்பித்தால் ஆராதனை எப்போது முடிந்து எப்போது சோறு தின்பது என்று நினைத்துக்கொண்டு, புளியோடு வீடு வந்தேன்.

அதற்கப்புறம்தான் புதன்கிழமைகள் ஆரம்பித்தன. மண்டியில் அன்றைக்கு அரை நாள் வேலை. ஒரு புதன்கிழமை மதியம் வீட்டுக் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். என் கணவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் மோர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"ஞாயித்துக்கெழம பாஸ்டரு மழைக்கு ஜெபம் பண்ணாருங்களே, அதுக்கு அப்பவே ஆமென் சொல்லிட்டேங்க. எந்த நெலமையில வச்சாலும் மனசு நெறஞ்சு இருப்போம்னு ஒண்ணு சொன்னாரு பாருங்க, அதுக்குத்தான் விட்டுப்போச்சு. மூணு நாளா பாத்தேன். இருக்கலாம்னுதான் தோணுது. அதனால ஆமெனுங்க."

சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். என் கணவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "நான் அப்பிடியா சொன்னேன்?" என்று என்னைக் கேட்டார். அவருக்கு ஞாபகமே இல்லை. எனக்கும் இல்லை.

அந்த மாதத்திலிருந்து என் கணவரின் ஜெபங்கள் குட்டையாகிப்போயின. ஏன் என்று கேட்டால், அந்தம்மா அத்தனையையும் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகவேண்டுமே, பாவம் என்று சிரித்தார். அவருக்கு எல்லாமே சிரிப்புதான். எனக்கு எரிச்சலாக இருந்தது. இது பக்தியா, மந்த புத்தியா, இல்லை எங்களைக் கிண்டல் செய்கிறாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. முகத்தைப் பார்த்தால் கிண்டல் செய்கிற முகமாகவும் இல்லை.

இன்னொன்றையும் கவனித்தேன். சபையாக எல்லோரும் சேர்ந்து சொல்லும் ஜெபத்தில், எங்களுக்குத் தப்பு செய்தவர்களை நாங்கள் மன்னிக்கிறோம் என்று வரும் இடத்தில் அவர் உதடு மூடிக்கொள்ளும். அடுத்த வரியில் திறக்கும். அந்த அக்கா கணவரின் தம்பி இவர்களுடைய வரப்பை வெட்டித் தன் நிலத்தோடு சேர்த்துக்கொண்டவர். இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது, தண்ணீர்கூட வாங்கிக் குடிப்பது கிடையாது. மற்றவர்களுக்கும் இப்படிச் சண்டைகள் உண்டு. மாமியாரோடு பேசாமல் பத்து வருடம் ஒரே வீட்டில் இருப்பவர்கூட எங்கள் சபையில் இருக்கிறார். எல்லோரும் அந்த வரியைக் கணீரென்று சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள். இவர் ஒருவர்தான் பதினோரு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தார். நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டாவது மாதம் ஒரு புதன்கிழமை வந்தார். முகத்தில் பெரிய வெளிச்சமெல்லாம் இல்லை, களைத்துப் போயிருந்தார்.

"காலையில அவன் வூட்டுக்குப் போயி ஒரு சொம்புத் தண்ணி கேட்டேங்க. குடுத்தான். குடிச்சேன். தொண்டையில எறங்குச்சுங்க. அந்த வரிக்கு இனிமே ஆமென் சொல்லிக்கிறேன்."

நான் தேவனுக்கு ஸ்தோத்திரம் சொன்னேன். வாய்தான் சொன்னது. உள்ளே எனக்குப் பொறாமையாக இருந்தது.

பொறாமைக்குக் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்த நாட்களில் எனக்கு ஜெபம் நின்றுபோயிருந்தது. வெளியே பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. வெள்ளிக்கிழமை மதியம் பெண்கள் கூட்டத்தில் கண்ணை மூடினேன் என்றால் அரை மணி நேரம் அருவி மாதிரி வரும். முதலில் நன்றி, அப்புறம் பாவ அறிக்கை, அப்புறம் நோயாளிகள், கல்யாணமாகாத பிள்ளைகள், நாட்டை ஆளும் தலைவர்கள், கடைசியில் சபைக் கட்டடம். வருடக்கணக்காக அதே வரிசை. நடுவில் வேறு எதை வேண்டுமானாலும் யோசிக்கலாம். அடுப்பில் பருப்பு வைத்தது ஞாபகம் வந்து, ஜெபத்தை நிறுத்தாமலே கைஜாடை காட்டி ஓர் ஆளை அனுப்பி அடுப்பை அணைக்க வைத்திருக்கிறேன். எப்போது இப்படி ஆனது என்று எனக்கே தெரியாது. பாஸ்டரம்மா இதை யாரிடம் போய்ச் சொல்வது? கணவரிடம் சொன்னால் சிரிப்பார், அப்புறம் கவலைப்படுவார். இரண்டையும் தாங்க எனக்குத் தெம்பில்லை.

தருமபுரியில் மூன்று நாள் எழுப்புதல் கூட்டம் நடந்தது. ஆவிக்குரிய வறட்சியிலிருந்து வெளியே வர ஏழு வழிகள் என்று ஒருவர் அருமையாகப் பேசினார். ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஏழையும் எழுதிக்கொண்டு வந்தேன். விடிகாலையில் எழுந்து உட்கார்ந்தேன், தூக்கம் வந்தது. உபவாசம் இருந்தேன், உடம்பு இளைத்ததுதான் மிச்சம். சபையில் இரண்டு பேர் சர்க்கரை வியாதியா என்று விசாரித்தார்கள். ஏழாவது வழி வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு, நோட்டை என்ன செய்வது என்று தெரியாமல், அதையே வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் பிரசங்கமாக்கினேன். பெண்கள் அழுதார்கள். ஒருவர் என் கையைப் பிடித்து முத்தமிட்டார். என் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை.

அந்த அக்கா கடைசியாக எழுந்து வந்தார்.

"நல்லாருந்துச்சுங்க பாஸ்டரம்மா. ஏழுல உங்களுக்கு எது கேட்டுச்சுங்க?"

காய்ச்சல் மாத்திரையைப் பற்றி விசாரிப்பது போலத்தான் கேட்டார். எல்லாமேதான் அக்கா என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சரிங்க என்றார். ஆமென் சொல்லவில்லை. அடுத்த புதன்கிழமையும் வரவில்லை, அதற்கடுத்ததும் வரவில்லை.

எனக்கு அவர்மேல் வந்த கோபம் கொஞ்ச நஞ்சமில்லை. பொய் சொன்னது நான், கோபம் அவர்மேல். அந்த நேரம் பார்த்துச் சபையில் ஒரு பேச்சு கிளம்பியது. அந்தம்மாவுக்கு வாயைக் கட்டுகிற ஆவி இருக்கிறது, அதனால்தான் ஆமென் வரமாட்டேன் என்கிறது என்று. அதில் உண்மையில்லை என்று எனக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும், எதற்கும் ஆவியைத் துரத்த ஒரு விடுதலை ஜெபம் செய்துவிடலாமே என்று சொன்னது நான்தான். என் கணவர் அன்றைக்கு இண்டூரில் ஒரு வீட்டு ஜெபத்துக்குப் போயிருந்தார். இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டார்.

வெள்ளிக்கிழமை அவரை நடுவில் உட்காரவைத்துச் சுற்றி நின்றோம். அவர் எதிர்க்கவில்லை. சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு, ஊசி போட்டுக்கொள்ள வந்தவரைப் போல உட்கார்ந்திருந்தார். பதினைந்து பெண்கள் தலையில் கை வைத்துக் கத்தினோம். என் குரல்தான் எல்லோரையும்விட உயர்ந்து இருந்தது. முடித்து எல்லோரும் ஆமென் சொல்லிவிட்டு, மூச்சு வாங்க, அவர் வாயையே பார்த்தோம். விடுதலை ஆனதா இல்லையா என்று தெரிய வேண்டுமே.

அவர் கலைந்த கொண்டையை முடிந்துகொண்டு, "யோசிச்சுச் சொல்றேங்க" என்றார்.

புதன்கிழமை வந்தார். மோரைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்.

"வெள்ளிக்கெழம ஜெபத்துக்கு ஆமென் சொல்ல முடியலீங்க. எனக்குப் பேய் இருக்கறாப்ல தெரியல. நல்லாப் பாத்துட்டேன்."

என்மேல் அவருக்கு வருத்தமிருந்ததா என்று இன்றுவரை தெரியாது. அடுத்த ஞாயிறும் அதே மூன்றாவது வரிசையில் வந்து உட்கார்ந்தார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அடுத்த புளி சீசனில் அவர் கணவர் மரத்திலிருந்து விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்து, தருமபுரி மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். என் கணவர் முதல் நாளே போய் வந்துவிட்டார். மறுநாள் நான் மட்டும் பஸ் ஏறினேன். அங்கே போய் என்ன ஜெபிப்பது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். இண்டூர் தாண்டும்போதுதான், நான் ஒத்திகை பார்க்கிறேன் என்பதே எனக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை.

வார்டில் அந்த அண்ணன் அசையாமல் படுத்திருந்தார். அக்கா தலைமாட்டில் நின்றார். நான் அண்ணனின் நெற்றியில் கை வைத்து ஆரம்பித்தேன். நன்றி வந்தது. பாவ அறிக்கை வந்தது. நோயாளிகள் வந்தார்கள். வாய் அதன் பாட்டுக்குப் போனது. நாட்டை ஆளும் தலைவர்களுக்கு நல்ல ஞானம் தரும்படி கேட்டுக்கொண்டிருந்தபோது, நான் எங்கே நிற்கிறேன் என்று எனக்கு உறைத்து, கண்ணைத் திறந்தேன். இடுப்பொடிந்து கிடந்த மனுஷன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவும் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குமேல் ஒரு வார்த்தை நகரவில்லை.

"ஆண்டவரே, எனக்கு ஜெபம் வரல" என்றேன். "ரொம்ப வருஷமா வரல."

ஆண்டவரிடம் சொன்னேனா, அந்த அக்காவிடம் சொன்னேனா என்று அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை. யாரும் ஆமென் சொல்லவில்லை. பக்கத்துக் கட்டிலில் ஒருவர் இருமினார். அக்கா ஃபிளாஸ்க்கைத் திறந்து எனக்கு ஒரு டம்ளர் டீ ஊற்றிக் கொடுத்தார். குடித்தேன். நான்கு மணி பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அண்ணன் பிழைத்துக்கொண்டார், ஆனால் இனி மரம் ஏற முடியாது என்று ஆனது. ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கும் மகன் இரண்டு பேரையும் தன்னோடு கூட்டிக்கொண்டு போய்விட்டான். சொல்லிக்கொள்ள வந்தபோது, ஆஸ்பத்திரிப் பேச்சை எடுப்பாரோ என்று எனக்குப் பயம். எடுக்கவில்லை. அவர் போனதில் எனக்கு நிம்மதி என்பதுதான் உண்மை. சபையில் ஆமென் மறுபடியும் ஒரே சத்தமாக, ஒழுங்காக முடிந்தது. என் வெள்ளிக்கிழமை ஜெபம் அதே வரிசையில் ஓடியது. ஆனால் புதன்கிழமை மதியம் கேட் சத்தம் கேட்டால் மட்டும் மோர் எடுக்கப் பாதி எழுந்துவிடுவேன்.

இப்படியே இரண்டரை வருடம் போனது. போன செவ்வாய்க்கிழமை காலை கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது போன் வந்தது. தெரியாத நம்பர். நலம் விசாரிப்பெல்லாம் இல்லை, நேராக விஷயம்.

"பாஸ்டரம்மா, அன்னிக்கி ஆஸ்பத்திரியில ஒரு ஜெபம் பண்ணீங்களே. அதுக்கு ஆமெனுங்க."

அக்கா, அது ஜெபமே இல்லை, ஜெபம் வரவில்லை என்றுதானே சொன்னேன் என்றேன்.

"அதத்தாங்க சொல்றேன். அப்ப எனக்கு வந்துட்டிருந்துச்சு. வந்துட்டிருக்கறப்ப அதுக்கு நான் எப்பிடிங்க ஆமென் சொல்றது? இப்ப எனக்கும் வரலீங்க. எட்டு மாசமாச்சு."

என்ன கஷ்டம் என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றார். அண்ணன் தடி ஊன்றி நடக்கிறார். மகனும் மருமகளும் நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள். ஆறாவது மாடியில் வீடு, குழாயைத் திறந்தால் தண்ணீர். பக்கத்திலேயே பெரிய சபை, ஞாயிறு தவறாமல் போகிறார். "ஒரு கொறையும் இல்லீங்க. அதான் புரியல" என்றார்.

நோட்டுப் புத்தகத்து ஏழு வழிகளும் என் நாக்கு நுனியில் வந்து நின்றன. எத்தனை பேருக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு ஒன்றுகூட வாய்க்கு வெளியே வரவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. எனக்கு வராவிட்டாலும் அந்த அக்காவுக்கு வருகிறது என்று ஒரு தைரியத்தில்தான் இத்தனை வருடம் இருந்திருக்கிறேன் போலிருக்கிறது. அது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. அங்கேயும் வற்றிவிட்டதென்றால் என்ன அர்த்தம்? யோசித்து யோசித்துச் சொன்னவருக்கும் இதுதான், யோசிக்காமல் சொன்னவளுக்கும் இதுதானா?

"நீங்க ஒருக்கா ஜெபம் பண்ணுங்க" என்றார் அவர்.

கீரைக் காம்பு கையிலேயே இருந்தது. கண்ணை மூட மறந்துவிட்டேன். நன்றி, பாவ அறிக்கை எதுவும் வரவில்லை.

"ஆண்டவரே, இவங்கள விட்டுறாதீங்க. என்னையும் விட்டுறாதீங்க. எங்களுக்கு வழி தெரியல."

அவ்வளவுதான். பழக்கத்தில் ஆமென் சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. விட்டுவிடாதீர்கள் என்று கேட்கிறேனே, நிஜமாகவே கேட்கிறேனா? ஆண்டவர் பிடித்துக்கொண்டால் அப்புறம் அந்த ஜெப வரிசை போகும், நோட்டு போகும், வெள்ளிக்கிழமைப் பெண்கள் முன்னால் வாயடைத்து நிற்க வேண்டி வரும். அதெல்லாம் போனாலும் பரவாயில்லையா? தெரியவில்லை. பிறந்ததிலிருந்து எத்தனையோ ஆயிரம் ஆமென் சொன்னவளுக்கு, அந்த ஒன்று தொண்டையில் நின்றுகொண்டது. போனில் அந்தப் பக்கம் குக்கர் விசில் கேட்டது. அவர் காத்துக்கொண்டிருந்தார்.

"அவசரமில்லீங்க பாஸ்டரம்மா" என்றார் கடைசியில். "யோசிச்சே சொல்லுங்க."

போனை வைத்துவிட்டார். இன்று சனிக்கிழமை. தினமும் காலையில் ஜெபத்துக்குப் போய் உட்கார்ந்து, மண்டியில் அந்த அக்கா செய்தது போல முழங்கை மறையக் கையை உள்ளே விட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் அடி தட்டுப்படவில்லை. நேற்று வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் ஜெபத்தை இன்னொருவரை நடத்தச் சொல்லிவிட்டு மூன்றாவது வரிசையில் போய் உட்கார்ந்தேன். எல்லோரும் ஆமென் சொன்னபோது நான் மட்டும் சொல்லாததைக் கவனித்து, பக்கத்திலிருந்தவர் திரும்பிப் பார்த்தார். ஓசூர் நம்பரைக் காலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன். முடிந்தால் புதன்கிழமை மதியம் கூப்பிட வேண்டும்.